ஒலிகோ என்று தொடங்கும் அறிவியல் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஸ்கேன் அறிக்கையில் ஒலிகோஹைட்ராம்னியாஸ். உயிர்வேதியியல் புத்தகத்தில் ஒலிகோசாக்கரைடு. புவியியல் கால அட்டவணையில் ஒலிகோசீன். ஏரிகளைப் பற்றிய கட்டுரையில் ஒலிகோட்ரோஃபிக். பொருளாதாரப் பாடத்தில் ஒலிகோபொலி. இவற்றை முதன்முறை பார்ப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத்தான் முயல்வார். அவ்வளவு பாடு தேவையில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரே கிரேக்கச் சொல்: ஒலிகோஸ். சில, கொஞ்சம், குறைவு என்று பொருள்.

பொருள் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ‘சில’ என்பது எந்த எண்ணையும் சொல்லாத சொல். எதில் சில? எதோடு ஒப்பிட்டால் சில? யார் பார்த்து, எப்போது ‘சில’ என்றார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் சொல் புரிந்ததாகக் கொள்ளலாம். கீழே உள்ள படிகள் அந்த விடைகளைத் தேடும் முறைதான். மருத்துவம், உயிரியல், வேதியியல் படிக்கத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: சரியான இடத்தில் வெட்டுங்கள்

மெய்யொலியில் தொடங்கும் பகுதியோடு சேரும்போது ‘ஒலிகோ’ முழுதாக நிற்கும்: ஒலிகோ + மெர், ஒலிகோ + பெப்டைடு. உயிரொலி வந்தால் பெரும்பாலும் கடைசி ஓகாரம் விழுந்துவிடும். ஒலிகார்க்கி என்பது ஒலிக் + ஆர்க்கி. ஒலிகூரியா என்பது ஒலிக் + ஊரியா. தமிழில் எழுதும்போது மெய்யும் உயிரும் ஒரே எழுத்தாகிவிடுவதால் வெட்டு விழும் இடம் கண்ணுக்குப் படாது. புணர்ச்சி பிரிப்பதைப் போலப் பிரித்து எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஓகாரம் விழாமலே நிற்கும் சொற்களும் உண்டு, ஒலிகோஆர்த்ரைட்டிஸ் அப்படிப்பட்டது.

ஓலியிக் அமிலம், ஓலியோரெசின் போன்றவற்றை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவை எண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

இரண்டாம் படி: பின்பகுதியைத் தனியாகப் படியுங்கள்

முன்னொட்டு எல்லாச் சொல்லிலும் ஒன்றேதான். சொல்லுக்குச் சொல் மாறுவது பின்பகுதி. எனவே உழைப்பை அங்கே செலவிடுங்கள். அடிக்கடி வருபவை இவை: சாக்கரைடு என்றால் சர்க்கரை. மெர் என்றால் பகுதி, கூறு. ட்ரோஃபிக் என்றால் ஊட்டம் சார்ந்தது. டெண்ட்ரோ மரம், கிளைகளையும் அது குறிக்கும். சைட் செல். டாக்டிலி விரல். டான்டியா பல். கீட்டா என்றால் முள்மயிர். ஃபேகஸ் என்று முடிந்தால் உண்ணுவது. இந்த ஒன்பதையும் தெரிந்துகொண்டால் ‘பாலி’, ‘மோனோ’ என்று தொடங்கும் பல சொற்களும் சேர்ந்தே திறக்கும். பாலிடாக்டிலி என்றால் விரல்கள் கூடுதலாக இருப்பது, ஒலிகோடாக்டிலி என்றால் குறைவாக இருப்பது. மோனோமெர், ஒலிகோமெர், பாலிமெர் மூன்றும் ஒரே வரிசை.

பின்பகுதியில் கால் இடறும் இடங்கள் இரண்டு உண்டு. ஒலிகோபொலி என்பதில் உள்ள ‘பொலி’, பல என்று பொருள்படும் ‘பாலி’ ஆகாது. அது விற்பது என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல். ஒரே விற்பனையாளர் சந்தையை வைத்திருந்தால் மோனோபொலி, சிலர் மட்டும் வைத்திருந்தால் ஒலிகோபொலி. ‘சில-பல’ என்று பிரித்தால் சொல்லே பொருளற்றதாகிவிடும். அதேபோல ஒலிகூரியாவில் உள்ள ‘ஊரியா’வும் உரமாகப் போடும் யூரியாவும் வெவ்வேறு. இரண்டுக்கும் வேர் சிறுநீர் என்ற சொல்தான். ஆனால் யூரியா ஒரு வேதிப்பொருள், ‘ஊரியா’ என்ற ஈறு சிறுநீரின் நிலையைச் சொல்வது.

மூன்றாம் படி: எண்ணிக்கையா, அளவா?

கிரேக்கத்தில் இந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பன்மையில் வந்தால் ‘சிலர்’, ‘சில’. ஒருமையில் வந்தால் ‘சிறிது’, ‘கொஞ்சம்’. அறிவியல் சொற்கள் இந்த இரண்டு பொருளையும் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆகவே பின்பகுதி எண்ணக்கூடியதா, அளக்கக்கூடியதா என்று பாருங்கள். விரல், பல், மூட்டு, சர்க்கரை அலகு ஆகியவற்றை எண்ணலாம். சிறுநீர், பனிக்குட நீர், ஊட்டச்சத்து ஆகியவற்றை அளக்கத்தான் முடியும். தமிழில் பெயர்க்கும்போதும் இது உதவும்: எண்ணிக்கை வரிசையில் ஓர் இடத்தைக் குறித்தால் ‘சில’, இருக்க வேண்டியதைவிடக் கம்மி என்றால் ‘குறை’. எல்லாச் சொல்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘குறை’ போடுபவர்கள், ஒலிகோசாக்கரைடு ஏதோ குறைபாடுள்ள சர்க்கரை என்று வாசகரை நினைக்கவைத்துவிடுகிறார்கள்.

எதைக் கொஞ்சம் என்கிறது என்று சொல்லில் எழுதியே இராத இடங்களும் இருக்கின்றன. ஒலிகோடைனமிக் விளைவு என்பதைப் பிரித்தால் ‘சிறிது + ஆற்றல்’ என்று வரும். குறைந்த ஆற்றலுள்ள விளைவு என்று படித்தால் தலைகீழாகிவிடும். ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் நெகேலி, மிகச் சிறிய அளவு செம்பு கரைந்த நீரிலேயே ஸ்பைரோகைரா பாசி இறந்துபோவதைக் கவனித்து வைத்த பெயர் இது. அவர் இறந்த பிறகு, 1893இல், அந்த ஆய்வு வெளியானது. மிகக் கொஞ்சமான உலோகத்துக்குள்ள ஆற்றல் என்பதே பொருள். வெள்ளி, செம்பு அயனிகள் நுண்ணுயிர்களைக் கொல்வதை விளக்க இன்றும் இந்தச் சொல் பயன்படுகிறது.

நான்காம் படி: எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒலிகோ எதற்கு எதிராக நிற்கிறது என்று தெரிந்தால் அது எந்த வகைச் சொல் என்பது அந்தக் கணமே விளங்கிவிடும்.

முதல் வகையில் எதிரே நிற்பவை மோனோவும் பாலியும். ஒன்றுக்கும் பலவற்றுக்கும் நடுவிலுள்ள படிக்கட்டு ஒலிகோ. குறைபாடு என்ற எண்ணமே இதில் இல்லை. குளுக்கோஸ் ஒரு மோனோசாக்கரைடு, மாவுச்சத்து ஒரு பாலிசாக்கரைடு, இடையில் சில அலகுகள் மட்டும் கோத்தவை ஒலிகோசாக்கரைடுகள். பயறு வகைகளில் உள்ள ராஃபினோஸில் மூன்று அலகுகள், ஸ்டாக்கியோஸில் நான்கு, வெர்பாஸ்கோஸில் ஐந்து. இவற்றை உடைக்கும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகமுள்ள திடப்பொருளும் ஒலிகோசாக்கரைடுகள்தான். குழந்தையால் செரிக்க முடியாத அவை குழந்தையின் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. மரபியலிலும் இதே படிக்கட்டு உண்டு: ஒரே மரபணு தீர்மானிக்கும் பண்பு மோனோஜெனிக், சில மரபணுக்கள் சேர்ந்து தீர்மானித்தால் ஒலிகோஜெனிக், பல சேர்ந்தால் பாலிஜெனிக்.

இரண்டாம் வகையில் எதிரே இருப்பது இயல்பு நிலை. ஒலிகூரியா, ஒலிகோஹைட்ராம்னியாஸ், ஒலிகோமெனோரியா ஆகிய மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் இந்த வகை. இயல்பைவிடக் குறைவு என்பது மட்டுமே அவை சொல்லும் செய்தி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறிக்கையில் இப்படியொரு சொல்லைப் பார்த்ததும் அதுதான் நோயின் பெயர் என்று பலர் பயந்துபோகிறார்கள். ஒலிகூரியா ஓர் அறிகுறி. உடலில் நீர் வற்றியதாலும் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாலும் வரலாம், பாதையில் அடைப்பு ஏற்பட்டதாலும் வரலாம். காரணத்தைச் சொல்லும் வேலையை அந்தச் சொல் செய்யாது. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் வகையில் எதிரே வருவது ‘யூ’, அதாவது நல்ல, செழிப்பான என்ற முன்னொட்டு. ஊட்டச்சத்து குறைந்த ஏரி ஒலிகோட்ரோஃபிக், மிகுந்தது யூட்ரோஃபிக், இடைப்பட்டது மீசோட்ரோஃபிக். ‘நல்ல ஊட்டம்’ என்று பெயர் இருப்பதால் யூட்ரோஃபிக் ஏரிதான் நலமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். பாஸ்பரசும் நைட்ரஜனும் மிகுந்தால் பாசி மண்டும், பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீரும், மீன்கள் சாகும். ஊட்டம் குறைந்த ஏரியோ தெளிந்து, ஆழம்வரை ஒளி புகுமளவுக்கு இருக்கும். சைபீரியாவின் பைக்கால் ஏரியும் அமெரிக்காவின் கிரேட்டர் ஏரியும் ஒலிகோட்ரோஃபிக் ஏரிகள். இந்த வகையில் ‘குறைவு’ என்பது குறையாக இருப்பதில்லை.

ஐந்தாம் படி: அந்தத் துறை வைத்திருக்கும் எண்ணைக் கேளுங்கள்

பேச்சில் ‘சில’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். நோயாளிக்குச் சிகிச்சை தீர்மானிப்பவருக்கு அது போதாது. அதனால் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு கோடு போட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியில் முதல் ஆறு மாதத்துக்குள் நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகள் பாதிக்கப்பட்டால் ஒலிகோஆர்த்ரைட்டிஸ், ஐந்திலிருந்து பாலிஆர்த்ரைட்டிஸ். வளர்ந்தவர்களில் ஒரு நாளைக்கு 400 மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர் பிரிந்தால் ஒலிகூரியா. மாதவிடாய்ச் சுற்று 35 நாளுக்கு மேல் நீண்டால் ஒலிகோமெனோரியா. ஸ்கேனில் பனிக்குட நீர்க் குறியீடு 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒலிகோஹைட்ராம்னியாஸ். உவர்நீரில் ஆயிரத்துக்கு 0.5 முதல் 5 பங்கு உப்பு இருந்தால் ஒலிகோஹேலைன். 1958இல் வெனிஸில் வகுக்கப்பட்ட அளவுகோல் அது.

எண்களைப் பார்க்கும்போது எதை எண்ணுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒலிகோடான்டியா என்றால் ‘சில பற்கள்’. ஆனால் வரையறை இருக்கும் பற்களை எண்ணுவதில்லை, இல்லாத பற்களைத்தான் எண்ணுகிறது: ஞானப்பற்களை விட்டுவிட்டு, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நிலைப்பற்கள் பிறவியிலேயே உருவாகாமல் போயிருக்க வேண்டும். ஆகவே 22 பற்கள் உள்ள ஒருவரும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார். சொல்லை மட்டும் வைத்து ஊகித்தால் வாயில் நாலைந்து பற்கள்தான் இருக்கும் என்று தோன்றும்.

கோடுகள் நகரவும் செய்யும். விந்தணு எண்ணிக்கை குறைவதைக் குறிக்கும் ஒலிகோஸூஸ்பெர்மியாவுக்கு, மில்லிலிட்டருக்கு 2 கோடி என்பது ஒரு காலத்து வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுக் கையேட்டில் அது 1.5 கோடியாக இறங்கியது, 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் 1.6 கோடி ஆனது. பழைய புத்தகத்தில் படித்த எண்ணோடு புதிய அறிக்கையை ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உடல் அப்படியேதான் இருக்கிறது, கோடுதான் இடம் மாறியிருக்கிறது.

வேதியியலில் கோடு இன்னும் இளகியது. மூன்று முதல் பத்து அலகுகள் என்று ஒலிகோசாக்கரைடுக்குப் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டிலிருந்தே தொடங்கும் புத்தகங்களும் இருக்கின்றன. ஒலிகோமெர் விஷயத்தில் வேதியியல் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐயுபிஏசி எண்ணையே விட்டுவிட்டு நடத்தையைப் பிடித்துக்கொண்டது. ஓரிரு அலகுகளை நீக்கினால் மூலக்கூறின் பண்பு கணிசமாக மாறுகிறதா? மாறினால் ஒலிகோமெர். நீக்கியும் பண்பு அநேகமாக அப்படியே இருந்தால் பாலிமெர். எனக்கு மிகவும் பிடித்த வரையறை இது. ‘சில’ என்பதன் உயிர்நாடி இதில் பிடிபட்டிருக்கிறது: ஒவ்வொன்றும் பொருட்படுத்தத் தக்கதாக இருக்கும் வரைக்கும் அது சில.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்களை எண்ணினால் 574. அந்தக் கணக்கில் அதன் சங்கிலிகள் பாலிபெப்டைடுகள். ஆனால் நான்கு சங்கிலிகள் கூடித்தான் ஒரு ஹீமோகுளோபின் ஆகிறது; சங்கிலியை அலகாகக் கொண்டால் அதே மூலக்கூறு ஓர் ஒலிகோமெர். இரண்டும் சரி. ‘எதில் சில?’ என்று முதலில் கேட்கச் சொன்னதற்கு இதுவே காரணம். உண்மையிலேயே ஒலிகோபெப்டைடு வேண்டுமென்றால் ஆக்சிடோசின் இருக்கிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கவைக்கும் அந்த ஹார்மோனில் ஒன்பதே அமினோ அமிலங்கள்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பின்பகுதியே இல்லாமல் வெறுமனே ‘ஒலிகோ’ என்பார்கள். ஒலிகோநியூக்ளியோடைடு, அதாவது செயற்கையாகத் தயாரித்த குட்டி டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ துண்டு என்பது அதன் பொருள். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறைக்குப் பயன்படும் பிரைமர்கள், அதாவது தொடக்கத் துண்டுகள், வழக்கமாக 18 முதல் 25 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள ஒலிகோக்கள். ‘20-மெர்’ என்று யாராவது சொன்னால் 20 எழுத்துத் துண்டு. இவை மருந்தாகவும் ஆகிவிட்டன: முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் 18 எழுத்துள்ள ஓர் ஒலிகோ.

ஆறாம் படி: பெயர் வைத்தவர் எதைப் பார்த்தார்?

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் பொருள் பொருந்தாத சொற்கள் இருக்கும். அப்போது பெயர் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும். இந்தப் படியைப் பாடப்புத்தகங்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை, அது பெரிய இழப்பு.

மூளையில் உள்ள ஒலிகோடெண்ட்ரோசைட் செல்லைப் பாருங்கள். பிரித்தால், சில கிளைகளே உள்ள செல். ஆனால் அதன் முக்கிய வேலை நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை போடுவது; ஒரே செல் சுமார் 50 நரம்பிழைத் துண்டுகளுக்குக்கூட உறை போடும். அத்தனை கை நீட்டும் செல்லுக்கு ஏன் இந்தப் பெயர்? ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஒர்டேகா 1921இல் வெள்ளிச் சாயமேற்றும் முறையில் இந்தச் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தார். பக்கத்தில் இருந்த நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகள் புதர்போல் கிளைத்திருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் இவற்றில் தெரிந்த கிளைகள் குறைவு. பெயரில் உள்ள ‘சில’ அன்றைய சாயத்துக்கும் அன்றைய ஒப்பீட்டுக்கும் உரியது. செல் என்ன செய்கிறது என்று அந்தப் பெயரிடம் போய்க் கேட்கக் கூடாது.

மண்புழுக்கள் அடங்கிய ஒலிகோகீட்டா பிரிவும் அப்படித்தான். உடலின் பக்கவாட்டில் கற்றைகற்றையாக முள்மயிர் வளரும் கடற்புழுக்களான பாலிகீட்டாக்களுக்கு எதிராக வந்த பெயர் அது. லம்ப்ரிகஸ் மண்புழுவுக்கு ஒரு கண்டத்துக்கு, அதாவது உடலின் ஒரு துண்டுக்கு, எட்டு முள்மயிர்கள்தான், பெயர் பொருந்துகிறது. ஃபெரெட்டிமா வகை மண்புழுக்களிலோ ஒவ்வொரு கண்டத்தையும் சுற்றி வளையமாகப் பல பத்து முள்மயிர்கள் இருக்கும். தேர்வில் இதைக் கண்டு தடுமாறும் மாணவர்கள் பலர். பெயர் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்திலிருந்து பிரித்துக்காட்ட வந்தது; கூட்டத்திலுள்ள ஒவ்வொரு புழுவுக்கும் அது உறுதிமொழி தரவில்லை.

ஒலிகோசீன் இவற்றைவிடச் சுவையானது. இன்றைக்கு 3.39 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதி. ‘சீன்’ என்றால் புதிய. ‘சில + புதிய’ என்று வந்து நிற்கும். எது புதிது என்று தெரியாது. புவியியலாளர் சார்லஸ் லையல் 1833இல் பாறை அடுக்குகளை அவற்றிலுள்ள மெல்லுடலி ஓடுகளை வைத்து வரிசைப்படுத்தினார். புதைபடிவ ஓடுகளில் இன்றும் உயிரோடிருக்கும் இனங்கள் எத்தனை பங்கு என்பதே அவரது அளவுகோல். மிகக் கொஞ்சம் இருந்தால் ஈயோசீன், அதாவது புதியவற்றின் விடியல். இன்னும் சற்று இருந்தால் மியோசீன், ‘குறைந்த புதியவை’. மிகுந்திருந்தால் பிளியோசீன். ஜெர்மானியப் புவியியலாளரான பைரிச் 1854இல் ஈயோசீனுக்கும் மியோசீனுக்கும் இடையில் ஒரு பகுதியைச் செருகி ஒலிகோசீன் என்றார். அதனால்தான் ‘சில’வுக்குப் பிறகு ‘குறைவு’ வருகிற விசித்திரமான வரிசை. அக்காலத்தில் உயிரினங்கள் சிலவாக இருந்தன என்று பொருள் கொள்ளாதீர்கள். நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான பாராசெரத்தீரியம் நடமாடிய காலம் அது.

அறிவியலுக்கு வெளியே உள்ள ஒலிகார்க்கியும் இதே பாடத்தைத்தான் தருகிறது. சிலராட்சி என்று பிரிக்கிறோம். அரிஸ்டாட்டிலோ, அது உண்மையில் செல்வர்களின் ஆட்சி என்றார். செல்வர்கள் எங்கும் சிலராக இருப்பது தற்செயலே என்பது அவர் வாதம்.

ஏழாம் படி: பக்கத்து முன்னொட்டுகளோடு குழப்பாதீர்கள்

மைக்ரோ என்பது உருவத்தில் சிறியது. மைக்ரோடான்டியா என்றால் பற்கள் சிறியவை, ஒலிகோடான்டியா என்றால் பற்கள் குறைவானவை. ஹைப்போ என்றால் கீழே, வரம்புக்குத் தாழ்ந்து. ஆறுக்குக் குறைவான பற்கள் உருவாகாமல் போனால் ஹைப்போடான்டியா என்பார்கள். ‘அன்’ அல்லது ‘அ’ வந்தால் அறவே இல்லை: அனூரியா, அனோடான்டியா. லத்தீனில் ஒலிகோவுக்கு நிகரான முன்னொட்டு ‘பாசி’ (pauci). சில மூட்டுகளில் மட்டும் வரும் அழற்சியைப் பழைய மருத்துவப் புத்தகங்களில் பாசிஆர்ட்டிகுலர் என்று எழுதியிருப்பதும் இன்று ஒலிகோஆர்ட்டிகுலர் என்று எழுதுவதும் ஒரே நோய்தான்.

இனி நீங்களே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வயல் பூச்சிகளைப் பற்றிய குறிப்பொன்றில் வைரமுதுகு அந்துப்பூச்சியை ஒலிகோஃபேகஸ் என்று எழுதியிருக்கிறது. வெட்டினால் ஒலிகோ + ஃபேகஸ், அதாவது சிலவற்றை உண்ணுவது. கொஞ்சமாகச் சாப்பிடும் பூச்சி என்று இதைப் படிக்க முடியுமா? எதிர்ச்சொற்களைத் தேடினால் மோனோஃபேகஸும் பாலிஃபேகஸும் கிடைக்கின்றன. ஆக இது படிக்கட்டு வகை. எண்ணப்படுவது உணவுத் தாவரங்களின் வகைகள், உணவின் அளவுக்கு இங்கே இடமில்லை. துறைக்குள் போய்க் கேட்டால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில தாவரங்களை மட்டும் உண்ணும் பூச்சிகளுக்கு இந்தச் சொல் என்கிறார்கள். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு முட்டைக்கோசு, காலிஃபிளவர், கடுகு அடங்கிய குடும்பத்தைத்தான் தின்னும். தின்பதில் அது எந்தக் கணக்கும் வைப்பதில்லை. முட்டைக்கோசுத் தோட்டம் ஒன்றை ஓட்டையாக்கிவிடும்.